பேனரில் சிரித்த மாயக்காள்

அத்தியாயம் 9

ரேணுகா கையெழுத்துப் போட்டாளா இல்லையா என்று போன வாரம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போடவில்லை. ஆனால் போடமாட்டேன் என்றும் அவள் சொல்லவில்லை. "ஞாயித்துக்கெழம வர்றேன்ணே. புதுக் கடையவும் பாத்த மாதிரி இருக்கும், போட்டும் குடுத்துர்றேன்" என்று நழுவிக்கொண்டு புருஷன் ஊரான சிலமலைக்கு பஸ் ஏறிவிட்டாள்.

புதிதாக வந்து சேர்கிறவர்களுக்கு விஷயம் இவ்வளவுதான். போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் முப்பத்தைந்து வருஷம் நடந்தது சோணை மெஸ். போன ஐப்பசியில் சோணை கண்ணை மூடினார். மூத்தவன் அருள்பாண்டி கல்லாவில் உட்கார்ந்தான். கடைசிப் பிள்ளை பிரபு அடுப்படியில் நிற்கிறான். கட்டடம் மூன்று பிள்ளைகள் பேரிலும் இருக்கிறது. நடுவில் பிறந்த ரேணுகா தன் பங்கை விட்டுக்கொடுத்து எழுதித் தரவேண்டும் என்பது அண்ணன் கேட்டது.

ஊரில் எல்லாத் தங்கச்சிகளும் செய்வதுதான். எழுதிக் கொடுத்தவளுக்குப் பொங்கல் சீர் வரும், பிள்ளைக்குக் காது குத்தினால் தாய்மாமன் மடி கிடைக்கும். எழுதிக் கொடுக்காதவளுக்குப் பிறந்த வீட்டுக் கதவு மெல்ல மெல்லச் சாத்திக்கொள்ளும். ரேணுகாவின் புருஷன் காசிமாயன்கூட, "போட்டுட்டு வா, நமக்குக் காடு கெடக்கு" என்று சொல்லிவிட்டான்.

அவள் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்திருந்தாள். மலைத் தோட்டங்களிலிருந்து இறங்கி வருகிற கூலியாட்களுக்கு அப்பா போட்ட மாதிரி சாப்பாடு இருக்கவேண்டும். "இருக்கும்" என்று அருள்பாண்டி சொன்னான். அவளும் நம்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரைக்கு அவள் பஸ்சை விட்டு இறங்கியபோது, மெஸ் இருந்த இடத்தில் வேறு ஏதோ இருந்தது. கண்ணாடிக் கதவு. வாசலில் வாழைமரம். மாடியிலிருந்து தரைவரை ஒரு பேனர் தொங்கியது. 'அந்தக் காலத்து அளவில்லாச் சாப்பாடு' என்று ஆள் உயர எழுத்து. அதற்குக் கீழே, அப்பா உயிரோடிருந்தபோது யாரோ எடுத்த பழைய கறுப்பு வெள்ளைப் படம். பெஞ்சில் வரிசையாகப் பெண்கள் இலை முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் ஒருத்தி சோற்றுக் கையோடு வாய் நிறையச் சிரிக்கிறாள். எல்லாவற்றுக்கும் கீழே, எறும்பு ஊர்கிற அளவில், 'பஃபே ரூ.399'.

"எப்புடி இருக்கு?" அருள்பாண்டி பட்டுச் சட்டையில் வாசலுக்கே வந்துவிட்டான். "மூணாறு போற வண்டி பூராம் இந்த ரோட்டுலதான் போகுது. மெட்ராஸ்லருந்து ரயிலே வருது. அவுகளுக்கு இந்தப் படம் போதும், உள்ள வந்துருவாக."

"நல்லாருக்குண்ணே" என்றாள். பொய் இல்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிற கை கழுவும் தொட்டியைப் பார்த்ததும் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பழைய மெஸ் சொர்க்கம் என்று அவள் ஒருநாளும் சொல்லமாட்டாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து சாம்பல் போட்டு இருநூறு டம்ளர் கழுவினவள் அவள். அந்தச் சாம்பல் நாற்றம் கல்யாணத்தன்றுகூடக் கையில் இருந்தது.

கல்லாவுக்குப் பக்கத்து மேசையில் பத்திரம் தயாராக இருந்தது. நாளை காலையில் பதிவு ஆபீஸ். "சாப்புட்டு நிதானமாப் போடு, ஒண்ணும் அவசரமில்ல" என்று சொல்லிவிட்டு அண்ணன் சென்னையிலிருந்து வேனில் வந்தவர்களை வரவேற்கப் போய்விட்டான்.

கூடத்தில் மூன்று வரிசை மேசைகள் பழைய இடத்திலேயே இருந்தன. சுவர் ஓரமாக மூடி போட்ட பெரிய பாத்திரங்கள், அடியில் சின்னச் சின்ன நெருப்பு. சோறு, சாம்பார், எலும்புக் குழம்பு, அதற்கப்புறம் காலிஃப்ளவர் வறுவல், பாஸ்தா, குலாப் ஜாமூன். சென்னைக்காரர்கள் தட்டை ஏந்திக்கொண்டு வரிசையில் நகர்ந்தார்கள். 'தட்டில் மிச்சம் வைத்தால் நூறு ரூபாய் அபராதம்' என்று மேசைதோறும் ஒரு அட்டை. அளவில்லை என்று கூப்பிட்டுவிட்டு மிச்சம் வைக்காதே என்று மிரட்டுகிற சாப்பாட்டை ரேணுகா அன்றைக்குத்தான் பார்த்தாள்.

அவள் அடுப்படிக்குப் போனாள். பிரபு வேர்த்து வழிந்துகொண்டிருந்தான்.

"மலைக்காரவுகளுக்கு எங்கடா?"

அவன் பின்கதவைக் கரண்டியால் காட்டினான். கொல்லையில் புதுத் தகரக் கொட்டகை. ஒரு ஜன்னல். ஜன்னலுக்குள் அடுக்கி வைத்த பிளாஸ்டிக் டப்பாக்கள். ஒரு கிண்ணம் சோறு, ஒரு கிண்ணம் குழம்பு, ஒரு கரண்டி பொரியல். 'அளவுச் சாப்பாடு ரூ.100.' உட்கார ஒரு திண்டுகூட இல்லை.

ரேணுகா அங்கே நிற்கவில்லை. நேராக அண்ணனிடம் போனாள்.

"சாப்பாடு இருக்கும்னு சொன்னேல்லண்ணே."

"இருக்குல்ல."

"அது சாப்பாடாண்ணே? அத வாங்கி எங்க வச்சுத் திம்பாக?"

"ஜீப்புல வச்சுத் திங்கட்டும், பஸ் ஸ்டாண்டுல உக்காந்து திங்கட்டும். விருந்தாளி இருக்காக ரேணு, சிரிச்ச மொகமா இரு."

அவள் சிரித்த முகமாக இருக்கவில்லை. ஆனால் வாயையும் திறக்கவில்லை. சீர், காதுகுத்து, சாத்திக்கொள்ளும் கதவு எல்லாம் நினைவுக்கு வந்தன.

அப்போதுதான் வாசலில் ஈஸ்வரின் ஜீப் வந்து நின்றது. பூப்பாறைக்கு மேலே இருக்கிற ஏலத்தோட்டத்திலிருந்து ஞாயிறுதோறும் சந்தைக்கு ஆள் இறக்குகிறவன் அவன். ஏழு பெண்கள் இறங்கினார்கள். பறிப்புக் காலம் என்பதால் எல்லோர் விரலிலும் ஏலக்காய்க் கறை. முதலில் இறங்கியவள் மாயக்காள். அறுபதைத் தாண்டியும் தோட்ட வேலையை விடாதவள். ஆறு நாள் தோட்டத்தில் ஆறிப்போன தூக்குவாளிச் சோறு, ஏழாம் நாள் சோணை மெஸ் என்பதுதான் அவளுடைய வாரம்.

பேனரை அண்ணாந்து பார்த்தாள். சற்று நேரம் பார்த்தாள். பிறகு மற்றவர்களைப் பார்த்துச் சொன்னாள். "ஏத்தா, நடுவுல இருக்கது நான்டீ."

ஏழு பேரும் சிரித்துக்கொண்டே கண்ணாடிக் கதவைத் தள்ளி உள்ளே வந்தார்கள். 'அளவில்லாச் சாப்பாடு' என்பது அவர்களுக்கு அப்பா காலத்து அதே எழுத்து. கீழே இருந்த எறும்பு எழுத்தை யாரும் படிக்கவில்லை. வழக்கமாக உட்காருகிற ஜன்னல் ஓர வரிசையில் போய் உட்கார்ந்தார்கள். மேசையில் கவிழ்த்து வைத்திருந்த பீங்கான் தட்டை நிமிர்த்தி, டம்ளர் தண்ணீரைக் கையில் ஊற்றி, இலைக்குத் தெளிப்பது போலத் தட்டில் தெளித்துத் துடைத்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

யாரும் வரவில்லை.

அவர்களும் எழுந்திருக்கவில்லை. ஐந்து நிமிஷம் போயிற்று, பத்து நிமிஷம் போயிற்று. சுற்றிலும் ஆட்கள் தட்டோடு நடந்துகொண்டிருந்தார்கள். சீருடை போட்ட ஒருவர் குனிந்து, "போயி எடுத்துக்கங்கம்மா" என்றார்.

"நாங்களா எடுத்துப் போட்டுத் திங்க, வீட்டுல ஆளில்லையா?" என்று மாயக்காள் கேட்டாள்.

அவள் வம்புக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டாள். அந்தப் பெண்கள் மற்றவருடைய வீட்டில் தாங்களாகச் சோறு அள்ளிப் போட்டுக்கொண்டதே கிடையாது. வேண்டாத விருந்தாளிதான் அப்படித் தின்பான். பரிமாற ஆள் வந்தால் சாப்பிடுவது, வராவிட்டால் பசியோடு எழுந்து போவது, இந்த இரண்டுதான் அவர்களுக்குத் தெரியும். அதுவும் சோணை மெஸ்சில் 'போதுமா' என்று கேட்டுப் பரிமாறக்கூடாது என்று சட்டமே இருந்தது. போட்டுக்கொண்டே வரவேண்டும். போதும் என்று சொல்வது சாப்பிடுகிறவர் சோலி.

அருள்பாண்டி வேகமாக வந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான். "சின்னாத்தா, ஒங்களுக்குப் பின்னாடி வச்சிருக்கேன். வெரசாப் போங்க, சூடா இருக்கும்."

"பின்னாடின்னா எங்கப்பு?"

"கொல்லையில. டப்பாவுல கட்டி வச்சிருக்கு."

மாயக்காள் வாசல் பக்கம் திரும்பினாள். கண்ணாடி வழியாகப் பேனரின் பின்பக்கம் தெரிந்தது. வெயிலில் படம் இடம் வலமாக மாறித் தெரிந்தது.

"எம் படத்த வாசல்ல தொங்கவிட்டுட்டு, என்னய ஏன் அப்பு கொல்லைக்குப் போகச் சொல்ற?"

"இங்க தலைக்கு நானூறு ரூவா சின்னாத்தா."

"அத மொதல்லயே சொல்ல வேண்டியதுதான. நானூறு ரூவா எங்ககிட்ட இருக்காதுன்னு நீயா முடிவு பண்ணிக்கிட்டியா? இந்தா." இடுப்புச் சுருக்குப்பையை அவிழ்த்து மேசையில் வைத்தாள். "ஒரு நாளு கூலிதான, போகட்டும். எடுத்துக்க. ஆனா நீ வந்து பரிமாறு. பரிமாறாம நீ நானூறு வாங்கு, நாலாயிரம் வாங்கு, அது சாப்பாடு இல்ல."

அடுத்த மேசையில் ஒரு சென்னைப் பெண் எழுந்தே விட்டாள். "வெளிய படத்துல இருக்கிறவங்க இவங்கதானே? கூட நின்னு ஒரு செல்ஃபி எடுத்துக்கலாமா?"

மாயக்காள் அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரித்தாள். "சாப்புட்டு எடுப்போம் தாயி. பசியோட மொகம் நல்லா விழுகாது."

அருள்பாண்டிக்கு முகம் சிவந்தது. அந்த ஏழு பேர் முன்னால் ஏழு வெறுந்தட்டுகள் இருந்தன. ரேணுகா அதைப் பார்த்தாள்.  அவள் அடுப்படிக்குப் போகவில்லை. சுவர் ஓரத்துக்குப் போய், அலங்காரத்துக்கு வைத்திருந்த அப்பாவின் பித்தளை வாளியை எடுத்தாள், மூடியைத் திறந்து சோற்றை அள்ளி நிரப்பினாள், சேலையை இடுப்பில் இழுத்துச் செருகினாள்.

முதல் கரண்டி மாயக்காளுக்கு. அடுத்து அடுத்து என்று வரிசை முழுக்கப் போட்டாள். பிறகு எலும்புக் குழம்பு. பிறகு மறுசோறு. கேட்கவில்லை, போட்டாள். கை மறக்கவில்லை.

"ரேணு." அண்ணன் பின்னாலேயே வந்தான். "என்ன செய்யிற நீ? தலைக்கு முந்நூத்தித் தொண்ணூத்தொம்பது."

"எம் பங்குல கழிச்சுக்க."

"பங்க எழுதிக் குடுக்க வந்தவ பேசுற பேச்சா இது?"

"இன்னும் எழுதிக் குடுக்கலண்ணே."

அவள் பாஸ்தாவையும் விடவில்லை. மாயக்காள் அதை விரலால் தூக்கிப் பார்த்து, "இது என்ன ஆத்தா, சேமியாவுக்கு வீங்கிப்போச்சா?" என்றாள். வரிசையே சிரித்தது. சென்னைக்காரர்களில் ஒரு பெரியவர் தயங்கித் தயங்கி வந்து, ஜீப்பை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்திருந்த ஈஸ்வருக்குப் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். "எனக்கும் நீங்களே போடுங்கம்மா. முட்டி வலி, தட்டத் தூக்கிட்டு நிக்க முடியல." அவர் பின்னால் இன்னும் நாலு பேர் வந்தார்கள். ரேணுகாவுக்குக் கை ஓயவில்லை. சந்தோஷமாக இருந்தது, பயமாகவும் இருந்தது, இரண்டையும் பார்க்க நேரமில்லை.

"மதி ஆத்தா, மதி." மாயக்காள் தட்டின் மேல் கையை விரித்து மறைத்தாள். மலையில் இருந்து இருந்து 'போதும்' என்பதே அவளுக்கு மலையாளமாகிவிட்டது. மடிக்க இலை இல்லாததால் என்ன செய்வதென்று தெரியாமல் தட்டைச் சற்றுத் தள்ளி வைத்தாள்.

வேன் கிளம்பிப் போனதும் அருள்பாண்டி கண்ணாடிக் கதவைச் சாத்தினான். பெண்கள் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் ரேணுகாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நீ சிலமலைல இருந்துக்கிட்டு நியாயம் பேசிருவ. காலைல நாலு மணிக்கு அடுப்புப் பத்த வைக்கிறவன் நானு. அப்பா வயிறாரப் போட்டாரு, எல்லாரும் கையெடுத்துக் கும்புட்டாக. அவரு ஒருநாளாச்சும் நம்ம கூட உக்காந்து சாப்புட்டுருக்காரா? ஆத்தா அந்தப் பொகையிலயேதான செத்தா? எம் புள்ளையும் அப்புடிச் சாகணுமா? சொல்லு."

 அவன் சொன்னதில் பாதிக்கு மேல் நிஜம். அம்மா இருமி இருமிப் போனதை அவளும்தான் பார்த்தாள்.

"கஷ்டம்னு சொல்லு, ஒத்துக்கிறேன். வெல ஏத்து, அதுவும் ஒத்துக்கிறேன். அதுக்காக அவுகள டப்பாவ வாங்கிட்டுப் போகச் சொல்லிட்டு, அவுக படத்த வித்துச் சம்பாதிப்பியா? படத்துல இருக்கவ சாப்புடலாம், ஆளா வந்தா சாப்புடக் கூடாதா?"

"அப்ப கையெழுத்துப் போடமாட்ட."

"போடமாட்டேன்."

அவளுக்கே அந்தச் சொல் புதிதாகக் கேட்டது. முப்பத்தெட்டு வருஷத்தில் அண்ணனிடம் அதைச் சொன்னதே இல்லை.

"போடலேன்னா இந்த வாசப்படி ஒனக்கு இல்ல. சீரு இல்ல, செறப்பு இல்ல. ஒன் மகளுக்குக் காது குத்த மாமன் வரமாட்டான். யோசிச்சுக்க."

"யோசிச்சுட்டுத்தான்ணே வாளியத் தூக்குனேன்."

பிரபு அடுப்படி வாசலில் நின்றிருந்தான். கரண்டியைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தான், அது எப்போதோ சுத்தமாகிவிட்டது. "அக்கா" என்றான். "நான் போன வாரமே போட்டுக் குடுத்துட்டேன். நீயும் எப்புடியும் போட்டுருவேன்னு அண்ணே சொல்லுச்சு."

ரேணுகா தம்பியைப் பார்த்தாள். சிறு வயதில் டம்ளர் கழுவும்போது தண்ணீர் மொண்டு ஊற்றியவன் இவன்தான். தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கண்ணில் நீர் முட்டியது. அதைப் புறங்கையால் துடைத்துவிட்டுக் கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள். மூன்று வரிசை மேசைகள்.

"சரிடா. மூணுல ரெண்டு அண்ணனுது. ஒண்ணு என்னுதுதான?"

அவன் தலையாட்டினான்.

"ஒரு வரிசைக்கு எத்தன எல போடலாம்?"

"பதினாறு."

ரேணுகா ஜன்னல் ஓர வரிசைக்குப் போனாள். முதல் மேசையில் ஒட்டியிருந்த அபராத அட்டையைக் கிழித்துப்போட்டாள். மேசையின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினாள். நல்ல கனம். மறுமுனைக்கு ஆள் வேண்டியிருந்தது. பிரபுவைப் பார்த்தாள். பிரபு அண்ணனைப் பார்த்தான், அசையவில்லை.

கை கழுவி முடித்த மாயக்காள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து மறுமுனையைப் பிடித்தாள். என்ன ஏது என்று கேட்கவில்லை. அவளைப் பார்த்து மற்ற ஆறு பேரும் வந்தார்கள். ஒவ்வொரு மேசையாக இழுத்து, மற்ற இரண்டு வரிசைகளிலிருந்து ஆள் நடக்கிற அளவு இடைவெளி விட்டுத் தனியாகப் போட்டார்கள். மேசைக் கால்கள் தரையில் உரசிய சத்தத்தில் ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

"அடுத்த ஞாயிறு வாங்க சின்னாத்தா. எல போட்டுருக்கும்."

"யாரு பரிமாறுவா?"

"நான்தான்."

பிறகு அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள். குரல் நடுங்கியது, நடுங்கட்டும் என்று பேசினாள்.

"நாளைக்குக் காலைல பதிவு ஆபீசுக்கு நானும் வர்றேன்ணே. விட்டுக்குடுக்க இல்ல, என் பாகத்தப் பிரிச்சு எழுத. இந்த வரிசைல உக்காருறவுக என் விருந்தாளி."

அருள்பாண்டி கல்லாவை இழுத்துப் பூட்டினான். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, அவளைக் கடந்து, நேராக அடுப்படிக்குள் போய்க் கதவை உள்ளே தாழிட்டான். ஜன்னல் ஓர மேசைகள் அவளுடையவை. அடுப்பு யாருடையது என்று இதுவரை யாரும் எழுதவில்லை.